இன்குபேட்டரில் குஞ்சு முழுமையாக வளர்ந்தும் ஓட்டுக்குள்ளேயே இறந்துவிடுவது ஏன்?

கேள்வி

வணக்கம். வீட்டில் வளர்க்கும் கோழிகளின் முட்டைகளை, நானே செய்த சிறிய இன்குபேட்டரில் வைத்துக் குஞ்சு பொரிக்க முயன்று வருகிறேன். தெர்மோகோல் பெட்டி, இரண்டு குண்டு பல்புகள், ஒரு தெர்மோஸ்டாட், அடியில் முழுப் பரப்புக்கும் ஒரு தண்ணீர்த் தட்டு ஆகியவைதான் அதில் உள்ளன. மின்விசிறி பொருத்தவில்லை. வெப்பமானி, ஈரப்பதமானி இரண்டும் மூடியின் உட்புறத்தில் தொங்குகின்றன. வெப்பநிலை 37.5 டிகிரி செல்சியசிலும் ஈரப்பதம் 65 முதல் 70 சதவீதத்திலும் முதல் நாளிலிருந்து கடைசி நாள் வரை பெரிதாக மாறாமல் இருந்தன. காலை, நண்பகல், இரவு என மூன்று வேளையும் முட்டைகளைக் கையால் திருப்பினேன். 18ஆம் நாளோடு திருப்புவதை நிறுத்தினேன். பெட்டியின் பக்கங்களில் காற்றுத் துளைகள் உண்டு. கடைசி மூன்று நாள்கள் ஈரப்பதம் குறையாதிருக்க அவற்றில் பாதியை டேப் ஒட்டி மூடியிருந்தேன்.

7ஆம் நாள் இருட்டறையில் டார்ச் வெளிச்சத்தில் பார்த்தபோது பெரும்பாலான முட்டைகளில் இரத்த நாளங்கள் தெளிவாகத் தெரிந்தன. 18ஆம் நாளிலும் அவற்றில் அசைவு இருந்தது. ஆனால் 21ஆம் நாள் முடிந்த பிறகும் ஒரு முட்டையிலும் விரிசல் விழவில்லை. 22ஆம் நாள் பிற்பகலில் தொடங்கி மறுநாள் இரவு வரை, வைத்தவற்றில் பாதிக்கும் குறைவான குஞ்சுகளே வெளிவந்தன. அவற்றிலும் சில, பசை பூசியதுபோல் இறகு ஒட்டிக்கொண்டும் வயிறு உப்பியும் இருந்தன. பொரிக்காத முட்டைகளை உடைத்துப் பார்த்தால், அலகும் நகமும் இறகும் முழுமையாக வளர்ந்த குஞ்சுகள் இறந்து கிடந்தன. அவற்றைச் சுற்றி நீர் தேங்கியிருந்தது. முழுதாக வளர்ந்த உயிர் வெளியே வர முடியாமல் போனதைப் பார்ப்பது மிகவும் வருத்தமாக இருக்கிறது. அடுத்த முறை முட்டை வைப்பதற்கு முன் காரணத்தைத் தெரிந்துகொள்ள விரும்புகிறேன். ஈரப்பதம் போதவில்லையா, அல்லது வேறு ஏதேனும் குறையா?

மறுமொழி 1

வணக்கம். நீங்கள் கவனித்தவற்றை ஒழுங்காக எழுதியிருப்பதால் காரணத்தை ஓரளவு உறுதியோடு சொல்ல முடிகிறது. கரு கூடியிருக்கிறது, 18ஆம் நாள் வரை உயிரோடு வளர்ந்திருக்கிறது, கடைசிக் கட்டத்தில்தான் இறந்திருக்கிறது. குஞ்சைச் சுற்றி நீர், ஒட்டிய இறகு, உப்பிய வயிறு ஆகியவற்றைச் சேர்த்துப் பார்த்தால், உங்கள் பெட்டியில் ஈரப்பதம் போதாமல் போகவில்லை, அளவுக்கு மிஞ்சியிருந்தது என்றே கொள்ள வேண்டும்.

முட்டை ஓட்டில் நுண்துளைகள் ஆயிரக்கணக்கில் உள்ளன. அவற்றின் வழியே ஆக்சிஜன் உள்ளே செல்கிறது. கரியமில வாயுவும் நீராவியும் வெளியேறுகின்றன. நீர் குறையக் குறைய அந்த இடத்தைக் காற்று நிரப்புவதால், அகன்ற முனையிலுள்ள காற்றறை நாளுக்கு நாள் பெரிதாகிறது. 20ஆம் நாளை ஒட்டிக் குஞ்சு உட்சவ்வைக் கிழித்து அலகை இந்தக் காற்றறைக்குள் நீட்டி, அதுவரை ஓட்டை ஒட்டிய இரத்த நாளங்கள் வழியாகப் பெற்றுவந்த ஆக்சிஜனை முதன்முதலாகத் தன் நுரையீரலால் பெறத் தொடங்குகிறது. அங்கிருந்து ஓட்டில் துளையிடும் வரை பல மணி நேரம் அந்தச் சிறிய அறையின் காற்றுதான் அதற்கு ஆதாரம். முட்டைக்குள் நீர் தங்கிவிட்டால் காற்றறை சிறுத்துப்போகிறது. குஞ்சும் திசுக்களில் நீர் கோத்து உப்பிவிடுவதால், ஓட்டை உடைக்கத் திரும்புவதற்கு அதற்கு இடமிருப்பதில்லை. நீங்கள் உடைத்துப் பார்த்த முட்டைகளில் நடந்திருக்கக்கூடியது இதுதான்.

முதல் 18 நாள்களுக்கு 45 முதல் 55 சதவீதம், அதன் பிறகு பொரிக்கும் வரை 65 முதல் 75 சதவீதம் என்பதே கோழி முட்டைக்குப் பொதுவாகச் சொல்லப்படும் அளவு. கடைசி மூன்று நாளுக்குரிய ஈரப்பதம் உங்கள் பெட்டியில் தொடக்கத்திலிருந்தே இருந்திருக்கிறது. ஆனால் இந்த எண்களைவிட முக்கியமான ஒன்றைச் சொல்ல விரும்புகிறேன். ஈரப்பதமானி காட்டுவது பெட்டிக்குள் இருக்கும் காற்றின் நிலையை மட்டுமே. முட்டையின் நிலையை அறிய முட்டையைத்தான் நிறுத்துப் பார்க்க வேண்டும். ஓட்டின் தடிமனும் துளைகளின் எண்ணிக்கையும் கோழிக்குக் கோழி வேறுபடுவதால், ஒரே ஈரப்பதத்தில் வைத்த இரண்டு முட்டைகள் ஒரே அளவு நீரை இழப்பதில்லை.

18ஆம் நாள் முடிவில் முட்டை தன் தொடக்க எடையில் 11 முதல் 14 சதவீதத்தை இழந்திருக்க வேண்டும். தனித்தனியே நிறுக்க வேண்டியதில்லை. சமையலறைத் தராசில் எல்லாவற்றையும் சேர்த்து நிறுத்தால் போதும். ஒவ்வொன்றும் 60 கிராம் எடையுள்ள 30 முட்டைகள் வைத்தால் மொத்தம் 1,800 கிராம். அதில் 12 சதவீதம் என்பது 216 கிராம். அதை 18 நாளுக்குப் பிரித்தால் நாளொன்றுக்கு 12 கிராம். ஆகவே 6ஆம் நாள் நிறுக்கும்போது மொத்த எடை 72 கிராம் குறைந்திருக்க வேண்டும். 40 கிராம்தான் குறைந்திருக்கிறது என்றால் தண்ணீர்ப் பரப்பைக் குறையுங்கள். 100 கிராம் குறைந்துவிட்டது என்றால் கூட்டுங்கள். இடையில் கூமுட்டை என்று கண்டு எதையாவது எடுத்துவிட்டால், அதன் தொடக்க எடையை மொத்தத்திலிருந்து கழித்துக்கொண்டு கணக்கைத் தொடர வேண்டும். தராசு இல்லாதவர்கள் 7, 14, 18ஆம் நாள்களில் காற்றறையின் விளிம்பைப் பென்சிலால் வரைந்து வந்தால் அது வளரும் வேகம் தெரியும். 18ஆம் நாள் அது முட்டையின் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கை நெருங்கியிருக்க வேண்டும்.

தட்டைப் பற்றியும் ஒன்று. ஈரப்பதத்தைத் தீர்மானிப்பது தண்ணீரின் பரப்பு. ஆழம் எவ்வளவு என்பது பொருட்டல்ல. அடி முழுவதும் பரந்த தட்டை எடுத்துவிட்டு ஒரு சிறிய கிண்ணத்தோடு தொடங்குங்கள். கடைசி மூன்று நாளுக்கு மட்டும் பெரிய தட்டை வையுங்கள், அல்லது ஈரப் பஞ்சைச் சேர்த்துப் பரப்பைக் கூட்டுங்கள். அந்த நாள்களில் கடைசிக் குஞ்சு வெளிவரும் வரை மூடியைத் திறக்கவே கூடாது.

மறுமொழி 2

முந்தைய மறுமொழியில் சொன்னவை அனைத்தும் சரி. ஆனால் 22, 23ஆம் நாள்களில் குஞ்சு பொரித்த தாமதத்துக்கு ஈரப்பதம் மட்டும் காரணமாக இருக்க முடியாது. தாமதமாகவும் ஒரே சீராக இல்லாமலும் பொரிப்பது, வெப்பம் குறைவாக இருந்ததன் அடையாளம். வெப்பம் கூடினால் 20ஆம் நாளுக்கு முன்பே அவசரமாகப் பொரித்து, தொப்புள் ஆறாத குஞ்சுகள் வரும். உங்களிடம் நடந்தது அதற்கு நேர்மாறானது.

37.5 டிகிரி என்பது மின்விசிறி உள்ள இன்குபேட்டருக்கு உரிய அளவு. அங்கே காற்று சுழன்றுகொண்டே இருப்பதால் பெட்டியின் எந்த மூலையிலும் வெப்பம் ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கும். மின்விசிறி இல்லாத பெட்டியில் சூடான காற்று மேலேறி மூடியை ஒட்டித் தங்கிவிடுகிறது. தரைக்கும் மூடிக்கும் இடையே பல டிகிரி வேறுபாடு இருக்கலாம். முட்டையின் மேல்பக்கத்துக்கும் அடிப்பக்கத்துக்குமே வேறுபாடு உண்டு என்பதால்தான், இத்தகைய பெட்டிகளில் முட்டையின் மேற்புற மட்டத்தில் 38.3 முதல் 38.9 டிகிரி வரை இருக்குமாறு வைக்கச் சொல்கிறார்கள். அப்போதுதான் முட்டையின் நடுப்பகுதிக்குத் தேவையான வெப்பம் கிடைக்கும். உங்கள் வெப்பமானி மூடியருகே தொங்கியபடி 37.5 காட்டியபோது, கீழே இருந்த முட்டைகள் அதைவிடக் குளிர்ச்சியான காற்றில் இருந்திருக்கின்றன. வெப்பம் குறைந்தால் கரு மெதுவாக வளரும். மஞ்சள் கரு வயிற்றுக்குள் இழுத்துக்கொள்ளப்படுவதும் தள்ளிப்போகும். பொரிக்க வேண்டிய நேரத்தில் குஞ்சு பலவீனமாக இருக்கும்.

ஆகவே வெப்பமானியை முட்டைகளின் மேல்மட்டத்துக்கு இறக்குங்கள். அதன் முனை பல்புக்கு நேரெதிரே இல்லாதபடி பார்த்துக்கொள்ளுங்கள். தெர்மோஸ்டாட்டின் உணர்முனையும் அதே மட்டத்தில் இருக்க வேண்டும். இயன்றால் கணினியில் இருப்பதுபோன்ற சிறிய மின்விசிறி ஒன்றைப் பொருத்திவிடுங்கள். உங்கள் பெட்டியில் செய்யக்கூடிய மாற்றங்களில் இதைவிடப் பயன் தருவது வேறில்லை என்பது என் உறுதியான கருத்து. பொருத்திய பிறகு 37.5 முதல் 37.7 என்ற அளவுக்கு மாறிக்கொள்ள வேண்டும். காற்றோட்டம் முட்டைகளின் மீது நேரடியாக வீசக் கூடாது.

கருவிகளைச் சோதிக்காமல் நம்ப வேண்டாம். காய்ச்சல் பார்க்கும் வெப்பமானி 35 முதல் 42 டிகிரிக்கு இடையே நுட்பமாக அளப்பது. வெதுவெதுப்பான நீரில் அதையும் உங்கள் வெப்பமானியின் முனையையும் ஒன்றாக நனைத்துப் பார்த்தால் எத்தனை புள்ளி வேறுபடுகிறது என்பது தெரிந்துவிடும். ஈரப்பதமானிக்கு உப்புச் சோதனை இருக்கிறது. ஒரு சிறு மூடியில் உப்பை எடுத்து, கரைந்துவிடாமல் நனையுமளவுக்கு மட்டும் சில துளி நீர் விட்டு, அதையும் ஈரப்பதமானியையும் காற்றுப் புகாத டப்பாவில் இரவு முழுவதும் மூடி வைத்தால், உள்ளே 75 சதவீதம் ஈரப்பதம் உருவாகியிருக்கும். உங்கள் கருவி 68 காட்டினால் அது 7 புள்ளி குறைத்துக் காட்டுகிறது என்று பொருள். உங்களுடையது அப்படிக் குறைத்துக் காட்டுவதாக இருந்தால், பெட்டிக்குள் உண்மையில் நீங்கள் நினைத்ததைவிடவும் கூடுதலான ஈரம் இருந்திருக்கும்.

காற்றுத் துளைகளை மூடுவதைத் தயவுசெய்து விட்டுவிடுங்கள். குஞ்சுக்கு ஆக்சிஜன் மிகவும் தேவைப்படும் நாள்கள் அந்தக் கடைசி மூன்று நாள்கள்தான். துளைகள் திறந்திருப்பதால் ஈரப்பதம் குறைந்தால், அதைத் தண்ணீர்ப் பரப்பைக் கூட்டி ஈடுசெய்ய வேண்டும்.

மறுமொழி 3

முட்டைகளை எவ்வளவு நாள் சேர்த்து வைத்திருந்தீர்கள் என்பதை நீங்கள் குறிப்பிடவில்லை. இட்டு 7 நாளுக்கு மேற்படாத முட்டைகளே ஏற்றவை. அதற்கு மேல் பொரிக்கும் விகிதம் குறைந்துகொண்டே போகும், பொரிக்கும் நேரமும் சற்றுத் தள்ளிப்போகும். பழைய முட்டையும் புதிய முட்டையும் கலந்திருந்தால் குஞ்சுகள் முன்னும் பின்னுமாக வருவதற்கு அதுவும் ஒரு காரணமாகலாம். சேர்த்து வைக்கும் இடம் 15 முதல் 18 டிகிரி வரையிலான குளிர்ச்சியில், கூர்முனை கீழே இருக்குமாறு அமைய வேண்டும். வீட்டுக் குளிர்சாதனப் பெட்டியின் உட்புறம் இதற்கு மிகவும் குளிர். முட்டையைக் கழுவினால் ஓட்டின் மேலுள்ள மெல்லிய காப்புப் படலம் போய்விடும், கிருமி துளைகள் வழியே உள்ளே புகும். அழுக்கான முட்டையை விலக்கிவிடுவதே நல்லது.

திருப்புவது மூன்று வேளை போதும் என்றாலும் ஐந்து வேளை நல்லது. ஒற்றைப்படை எண்ணிக்கையாக இருந்தால், நீண்ட இரவுப் பொழுதில் முட்டை ஒரே பக்கமாகக் கிடக்காமல் மாறி மாறிக் கிடக்கும். ஒரு பக்கம் பெருக்கல் குறியும் மறுபக்கம் வட்டமும் பென்சிலால் இட்டுக்கொண்டால் குழப்பம் வராது. முதல் வாரத்தில் ஒரு வேளையையும் தவற விடாதீர்கள். திருப்பாத முட்டையில் கரு ஓட்டுச் சவ்வோடு ஒட்டிக்கொள்வதும், பிந்தைய நாள்களில் அதற்கு மூச்சளிக்கும் இரத்த நாள வலை முழுமையாகப் படராமல் போவதும் நேரும்.

கேள்வி கேட்டவரின் பதில்

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. சில முட்டைகள் பத்து நாள் வரை வைத்திருந்தவையே. எடை பார்க்கும் முறை இதுவரை நான் கேள்விப்படாதது. அடுத்த முறை அதையே பின்பற்றப் போகிறேன்.

இன்னும் இரண்டு ஐயங்கள் உள்ளன. ஓட்டில் துளையிட்டுவிட்டு அதற்கு மேல் நகராமல் இருக்கும் குஞ்சுக்கு ஓட்டை உரித்து உதவலாமா? மூடியைத் திறக்கவே கூடாது என்று முதல் மறுமொழியில் சொல்லியிருக்கிறீர்கள். ஆனால் கண்ணெதிரே ஒன்று போராடும்போது பார்த்துக்கொண்டிருக்க மனம் வரவில்லை. அடுத்து, காடை முட்டைகளும் கிடைக்கின்றன. அவற்றைக் கோழி முட்டைகளோடு ஒரே பெட்டியில் வைக்கலாமா?

மறுமொழி 4

உங்கள் மனநிலை புரிகிறது. ஆனால் நாம் போராட்டம் என்று நினைப்பதில் பெரும்பகுதி உண்மையில் ஓய்வு. ஓட்டில் முதல் துளை விழுந்த பிறகு குஞ்சு 12 முதல் 24 மணி நேரம் வரை ஏறக்குறைய அசையாமல் இருப்பது இயல்பு. அந்த நேரத்தில் நுரையீரல் முழுமையாக வேலைக்குப் பழகுகிறது. சவ்விலுள்ள நாளங்களின் இரத்தம் உடலுக்குள் திரும்புகிறது. மீதமுள்ள மஞ்சள் கரு தொப்புள் வழியாக வயிற்றுக்குள் செல்கிறது. இவை முடியும் முன் நாம் ஓட்டை உரித்தால் நாளங்கள் அறுந்து இரத்தம் கசியும், மஞ்சள் கரு வெளியே தொங்கும். தானாகப் பிழைத்திருக்கக்கூடிய குஞ்சை நாமே இழந்துவிடுவோம். மேலும், ஒரு குஞ்சுக்காக மூடியைத் திறக்கும்போது ஈரப்பதம் சட்டென்று இறங்கி, துளையிட்டுக் காத்திருக்கும் மற்ற முட்டைகளின் சவ்வு உலர்ந்து குஞ்சின் மேல் இறுகிவிடும். ஆகவே முதல் மறுமொழியாளர் சொன்ன கண்டிப்புக்குத் தகுந்த காரணம் இருக்கிறது.

இருந்தாலும் ‘திறக்கவே கூடாது’ என்பதை விதிவிலக்கில்லாத விதியாக நான் ஏற்கவில்லை. துளையிட்டு 24 மணி நேரம் கடந்தும் துளை பெரிதாகவில்லை, துளையின் ஓரத்தில் தெரியும் சவ்வு வெண்மை மாறிப் பழுப்பாகத் தோல்போல் காய்ந்துவிட்டது, உள்ளே குஞ்சு கத்துகிறது என்றால், அது சவ்வில் சிக்கிக்கொண்டிருக்கிறது. அப்போது அந்த முட்டையை மட்டும் விரைவாக எடுத்து மூடியைச் சாத்திவிட்டு, வெதுவெதுப்பான நீரில் நனைத்த பஞ்சால் சவ்வை ஈரமாக்கி, துளையைச் சுற்றியுள்ள ஓட்டைச் சிறு துண்டுகளாக மட்டும் நீக்கிப் பாருங்கள். ஒரு துளி இரத்தம் தெரிந்தாலும் உடனே நிறுத்திவிட்டு முட்டையைத் திரும்ப வைத்துச் சில மணி நேரம் காத்திருக்க வேண்டும். அலகைச் சுற்றி மூச்சு விட வழி கிடைத்து, சவ்வு தளர்ந்தால் பெரும்பாலும் மிச்சத்தைக் குஞ்சே பார்த்துக்கொள்ளும். கூர்முனைப் பக்கம் துளையிட்ட குஞ்சு தலைகீழாக அமைந்திருக்கிறது. அதைக் கூடுதல் கவனத்தோடு பாருங்கள், ஆனால் அதற்கும் அவசரம் கூடாது.

வெளிவந்த குஞ்சுகளுக்குப் பசிக்குமே என்று மூடியைத் திறக்க வேண்டியதில்லை. வயிற்றுக்குள் இழுத்துக்கொண்ட மஞ்சள் கருவைக் கொண்டு குஞ்சு 72 மணி நேரம் வரை தீனியும் நீரும் இல்லாமல் தாங்கும். இறகு உலர்ந்து பஞ்சுபோல் ஆன பிறகு எல்லாவற்றையும் ஒரே முறையாக எடுத்து, குஞ்சுகளை விளக்கின் சூட்டில் வளர்க்கும் புரூடருக்கு மாற்றுங்கள். அங்கே முதல் வாரம் 35 டிகிரி. பிறகு வாரத்துக்கு 3 டிகிரி வீதம் குறைத்து வரலாம். விளக்கின் கீழ் நெருக்கியடித்துக் கிடந்தால் குளிர்கிறது, ஓரங்களுக்கு ஒதுங்கி வாய் திறந்து மூச்சு வாங்கினால் சூடு அதிகம்.

மறுமொழி 2 எழுதியவரின் கூடுதல் குறிப்பு

காடைக்கும் கோழிக்கும் வெப்பநிலை ஒன்றுதான். சிக்கல் நாள்களில் இருக்கிறது. ஜப்பானியக் காடை 17 அல்லது 18 நாளில் பொரித்துவிடும், கோழி 21 நாள், வாத்து 28 நாள், மணிலா வாத்து ஏறக்குறைய 35 நாள். ஒன்றாக வைத்தால் காடைக்கு ஈரப்பதத்தைக் கூட்ட வேண்டிய நாள்களில் கோழி முட்டை இன்னும் நீரை இழந்துகொண்டிருக்க வேண்டிய நிலையில் இருக்கும்; திருப்புவதை ஒன்றுக்கு நிறுத்த வேண்டும், மற்றொன்றுக்குத் தொடர வேண்டும். பொரிக்கும்போது சிதறும் திரவமும் இறகுத் தூளும் எஞ்சிய முட்டைகளுக்குக் கிருமியைக் கொண்டுவரும். கோழி முட்டைகளை முதலில் வைத்து, மூன்று நான்கு நாள் கழித்துக் காடை முட்டைகளைச் சேர்த்தால் இரண்டும் ஒரே நாளை ஒட்டிப் பொரிக்கும் என்பது கணக்களவில் சரி. ஆனால் எடைக்கணக்கைத் தனித்தனியே பார்க்க வேண்டியிருக்கும். கோழி முட்டையில் ஒரு முறை நல்ல பலன் கண்ட பிறகு இதை முயலுங்கள்.

மின்சாரம் நின்றால் என்ன செய்வது என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்லிவிடுகிறேன். மூடியைத் திறக்காமல் பெட்டியைக் கம்பளியால் போர்த்துங்கள். துளைகளை மட்டும் விட்டுவிடுங்கள். சில மணி நேரக் குளிர்ச்சியைக் கரு பெரும்பாலும் தாங்கிக்கொள்ளும், பொரிப்பது சற்றுத் தாமதமாகும், அவ்வளவே. தெர்மோஸ்டாட் பழுதாகி 40 டிகிரியைத் தாண்டுவதுதான் மிக விரைவில் உயிரைப் பறிக்கும். அதனால் இரண்டாவது வெப்பமானி ஒன்றை எப்போதும் உள்ளே வைத்திருங்கள்.

அடுத்த முறையும் பொரிக்காத முட்டைகளை உடைத்துப் பார்த்து, எந்தக் கட்டத்தில் வளர்ச்சி நின்றது என்று குறித்து வையுங்கள். இரத்த வளையம் மட்டும் தெரிந்தால் முதல் சில நாள்களில் இறந்தது; சேமிப்பிலோ தொடக்க வெப்பத்திலோ குறை இருக்கலாம். இரண்டாவது வாரத்தில் இறந்தவை மிகுதி என்றால் தாய்க்கோழிகளின் தீனியைக் கவனிக்க வேண்டும். ரைபோஃபிளேவின் போன்ற வைட்டமின்கள் போதாமை அந்தக் கட்டத்தில்தான் வெளிப்படும். முழு வளர்ச்சி அடைந்தவற்றில், அலகு காற்றறைக்குள் நுழைந்திருந்ததா, இல்லையா என்பதைத் தனியாக எழுதுங்கள். அந்தக் குறிப்பையும் 18ஆம் நாள் எடையையும் இங்கே பதிவிட்டால், ஈரப்பதத்தையா வெப்பத்தையா எதை முதலில் திருத்துவது என்பதை முடிவு செய்துவிடலாம்.